துறக்கும் ஓலை யார் கையில்?

நாள்தோறும் நம் செவியில் விழும் சொற்களுள் ‘இராஜிநாமா’ என்பதும் ஒன்று. ஆசிரியர் ஒருவர் தொழிலை விட்டு நீங்கினும், சங்கத் தலைவர் ஒருவர் பதவியை விட்டு இறங்கினும், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தம் ஆசனத்தைத் துறப்பினும் இச்சொல்லையே ஆளுகின்றோம். சொல்லின் முற்பகுதியைக் கேட்டு, இஃது இராசாவோடு தொடர்புடையது போலும் என்று மாணாக்கர் சிலர் எண்ணுவர். அற்றன்று. பாரசீக மொழியின் வழியாக நம்மிடம் வந்த சொல் இது. ‘ராஸி’ என்பது மனம் இசைந்த நிலை. ‘நாமா’ என்பது எழுதிய பத்திரம். எனவே இராஜிநாமா என்பது இசைவுப் பத்திரம். ‘யான் மனம் ஒப்பி இதனை விடுகின்றேன்’ என்று ஒருவன் தன் கையால் எழுதித் தரும் ஓலை அது.

தமிழிலும் இந்நுட்பத்துக்கு இடமுண்டு. ‘நீங்கினான்’ என்பது தன்வினை. ‘நீக்கினான்’ என்பது பிறவினை. இடையிலே ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுகின்றது, அவ்வளவே. ஆனால், தானே நீங்கியவனுக்கும் பிறரால் நீக்கப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. ஒருவன் ஓரிடத்தை விட்டு நீங்கும் முறையை உற்று நோக்கின், அவனைப் பிடித்து வைத்திருந்த கை யாருடையது என்பது புலனாகும். இவ்வுண்மையைப் பாராளுமன்ற ஆசனத்தின் மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

விலக முடியாத சபை

பாராளுமன்றங்களின் தாய் எனப் போற்றப்படும் ஆங்கில நாட்டுப் பொதுச்சபையில், உறுப்பினர் ஒருவர் நேரே இராஜிநாமாச் செய்ய இயலாது என்று கூறின் வாசகர் வியப்பர். உண்மை அதுவே. 1624ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் அச்சபை ஒரு தீர்மானம் செய்தது. முறையாகத் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் அப்பொறுப்பைத் தாமே கைவிடலாகாது என்பது அதன் சாரம். அக்காலத்தில் உறுப்பினர் பதவி ஒரு பேறாகக் கருதப்படவில்லை. ஊரார் தலையில் ஏற்றிய சுமையாகவே கருதப்பட்டது. சுமையை இறக்கி வைத்துவிட்டு ஓடுதல் அடாது என்பது முன்னோர் கொள்கை.

ஆயின், வெளியேற விரும்புவோர் எக்காலத்தும் உண்டல்லவா? அவர்களுக்கு வேறொரு சட்டம் வழி திறந்தது. முடியின் கீழ் ஊதியப் பதவி வகிப்போர் பொதுச்சபையில் இருத்தலாகாது என்ற விதி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. அரசர் பதவிகளை வாரி வழங்கி உறுப்பினரை விலைக்கு வாங்கிவிடுவாரோ என்ற அச்சமே அவ்விதிக்குக் காரணம். ஊழலைத் தடுக்க இட்ட அவ்வேலியே, பிற்காலத்தார்க்கு வெளியேறும் வாயிலாயிற்று. வேலை எதுவுமற்ற ஒரு முடிப்பதவியை விரும்பிக் கேட்டுப் பெறுவது. பெற்ற கணத்திலே ஆசனத்தை இழப்பது. இதுவே உபாயம். 1751ஆம் ஆண்டில் ஜோன் பிற் என்பவர் இவ்வழியை முதன்முதலிற் கையாண்டார். அவர் பெற்ற பதவி ‘சில்ற்றேன் ஹன்றட்ஸ்’ என்னும் நிலப்பிரிவுகளின் காரியத் தலைமை.

‘ஹன்றட்’ என்பது நேர்பொருளில் நூறு. பழைய ஆங்கில நாட்டில் அஃது ஒரு நிலப்பிரிவின் பெயர். சோழ நாட்டுக் கூற்றம், மட்டக்களப்புப் பகுதியிலுள்ள பற்று, எமது சப்பிரகமுவையின் கோறளை ஆகியவற்றோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம். கேகாலைப் பகுதி முன்னாளில் ‘நான்கு கோறளை’ எனப் பெயர் பெற்றிருந்தது போல, பக்கிங்காம்சயரிலுள்ள ஸ்ரோக், டெஸ்பரோ, பேர்ணம் என்னும் மூன்றும் சேர்ந்தவையே இந்த ஹன்றட்ஸ். மலைக்காடுகளில் திரிந்த கள்வரை அடக்குதல் அத்தலைவனின் பழைய கடமை என்பர். கள்வரும் போயினர், கடமையும் போயிற்று. பெயர் மட்டும் நின்றது. யோக்சயரில் ஸ்காபரோ நகரை அடுத்த ‘நோர்த்ஸ்ரெட்’ பண்ணையின் தலைமையும் 1844ஆம் ஆண்டு முதல் இதே நோக்கத்துக்குப் பயன்பட்டு வருகின்றது.

இன்றும் விலக விரும்பும் உறுப்பினர் அந்நாட்டு நிதியமைச்சருக்கு எழுதி, இவ்விரண்டில் ஒன்றைப் பெறுகின்றார். ஒருவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு மற்றது என மாறி மாறி வழங்குவது வழக்கம். இரண்டும் பெயரளவிலான பதவிகளே. 1975ஆம் ஆண்டுத் தகுதியீனச் சட்டமும் இவற்றை ஒழிக்காது காத்து வைத்தது. பிரதமராயிருந்த ரொனி பிளேயர் 2007இலும், போரிஸ் ஜோன்சன் 2023இலும் சில்ற்றேன் வழியாகவே வெளியேறினர். டேவிட் கெமரன் 2016இல் நோர்த்ஸ்ரெட் வழியாகச் சென்றார். ‘கேற் முதலியார்’ பட்டத்தை நினைவில் வைத்திருக்கும் எம் நாட்டு முதியோர்க்கு, தொழிலற்ற பதவி என்பது புதுமையாகத் தோன்றாது. அப்பட்டம் பெற்றோர் பெருமையோடு வீடு திரும்பினர். இப்பட்டம் பெற்றோர் வீட்டுக்கே திரும்பினர்.

நாடகத்தின் உட்பொருள்

இதனை வெறும் நாடகம் என்று நகைத்து ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும், அதனுள் இரண்டு நற்பண்புகள் மறைந்து கிடக்கின்றன. முதலாவது, விண்ணப்பம் உறுப்பினர் தாமே செய்வது. இரண்டாவது, வெறுமையாகும் ஆசனம் மீண்டும் வாக்காளரிடமே செல்கின்றது. விலகியவர் விரும்பின், மறுநாளே அதே தொகுதியில் நின்று மக்கள் தீர்ப்பைக் கேட்கலாம்.

1985ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனும் டப்ளினும் செய்துகொண்ட உடன்படிக்கையை எதிர்த்து, வட அயர்லாந்தின் ஒன்றிய ஆதரவு உறுப்பினர் 15 பேரும் டிசம்பர் 17ஆம் நாள் ஒருசேர விலகினர். பதவிகளோ இரண்டு, வெளியேறுவோரோ பதினைவர். ஒருவர் பின் ஒருவராக நியமித்து அனைவரையும் அனுப்பி வைத்தனர். 1986 சனவரி 23ஆம் நாள் நடந்த இடைத்தேர்தல்களில் 14 பேர் மீண்டனர், ஒருவர் தோற்றார். 2008ஆம் ஆண்டில் டேவிட் டேவிஸ் என்பவர், குற்றஞ் சாட்டாமல் 42 நாள் தடுத்துவைக்க வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து விலகி, அதே தொகுதியில் நின்று வென்றார். துறத்தல் இங்கே தோல்வியின் அடையாளமன்று. மக்களை நோக்கித் தொடுக்கும் வினா.

நாடகத்துக்கு உடன்படாதவரும் உண்டு. முடியாட்சியை ஏற்காத அயர்லாந்துத் தலைவர் ஜெரி அடம்ஸ், 2011 சனவரியில் விலகற் கடிதம் மட்டும் அனுப்பினார். பதவி எதனையும் கேட்டாரல்லர். ஆயினும் நோர்த்ஸ்ரெட் தலைமை அவருக்கு வழங்கப்பட்டது. அதனை அவர் ஏற்றுக்கொண்டதாகப் பிரதமர் கெமரன் சபையிற் கூற, அடம்ஸ் மறுத்தார். கேளாதவனுக்குப் பட்டம் கட்டியேனும் வெளியேற்றுவர். வெறுங் கடிதத்தை மட்டும் ஏலார் என்பது அதனால் வெளிப்பட்டது.

ஒரு தாள் போதும்

இலங்கை தன் பாராளுமன்ற முறையை ஆங்கிலேயரிடம் கற்றதாயினும் இந்நாடகத்தைக் கற்கவில்லை. உறுப்பினர் ஒருவர் தம் கைப்பட எழுதிச் செயலாளர் நாயகத்துக்கு முகவரியிட்டு அனுப்பின், ஆசனம் வெறுமையாகும் என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 66ஆம் உறுப்புரை வகுக்கின்றது. ஒரு தாள், ஒரு கையொப்பம், அவ்வளவே. எளிமை நன்றே. ஆயின், அத்தாள் உண்மையில் இசைவுப் பத்திரந்தானா என்று கேட்பவர் எவருமிலர்.

அயல்நாடாகிய இந்தியா அவ்வினாவைக் கேட்கக் கற்றுக்கொண்டது. உறுப்பினரை வற்புறுத்தி விலகச் செய்த நிகழ்ச்சிகளைக் கண்ட பின், 1974ஆம் ஆண்டில் 33ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. கடிதம் வந்த மாத்திரத்தே ஆசனம் வெறுமையாகாது. அது தன்விருப்பத்தால் எழுந்ததும் மெய்யானதுமாகும் எனச் சபாநாயகர் தெளிந்த பின்னரே ஏற்றுக்கொள்ளப்படும். இராஜிநாமா என்னும் சொல்லின் பழம்பொருளைச் சட்டம் அங்கே மீட்டெடுத்தது எனலாம்.

அங்கும் ஓலை வழிமாறிச் செல்வதுண்டு. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைத் தமிழர் துயரை முன்னிட்டுத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் விலகற் கடிதம் எழுதினர். எழுதியவற்றைக் கொடுத்தது சபாநாயகரிடத்தன்று, தம் கட்சித் தலைவரிடம். சபையை அடையாத ஓலையால் ஆசனம் எதுவும் வெறுமையாகவில்லை.

இருவகை ஓலைகள்

நம் நாட்டு வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துக் காணல் பயன்தரும்.

1972ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. தமிழ் மக்கள் அதனை ஏற்கவில்லை என்பது சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் நிலைப்பாடு. அதனை வாயாற் சொல்லி அமையாது, அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் தம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, அரசு தம்மோடு போட்டியிட்டு மக்கள் கருத்தை அறியட்டும் என்று அறைகூவினார். விலகற் கடிதம் அன்றே பயன் தந்தது, இடைத்தேர்தலோ வந்தபாடில்லை. பாதுகாப்பு நிலைமை முதலிய காரணங்கள் காட்டப்பெற்று அது தள்ளிப்போயிற்று. 1975 பெப்ரவரி 6ஆம் நாள், இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் கழிந்த பின்பே வாக்கெடுப்பு நிகழ்ந்தது. முதுமையும் நோயும் தளர்த்திய நிலையிலும் அவர் 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். அவ்வெற்றிக்கு அவர் தந்த விளக்கமும், பின்னர் அரசியல் சென்ற திசையும் வேறு கட்டுரைக்குரியன. ஈண்டு நோக்கற்பாலது இதுவே: அவ்வோலை எழுதினவர் கையிலிருந்து நேரே சபைக்குச் சென்றது. அதன் நாளும் காரணமும் அவருடையன. எனினும், தீர்ப்புக் கேட்கும் நாளைக் குறிக்கும் உரிமை அவரிடமில்லை. அந்த இடைவெளியில் ஒரு தொகுதி முழுவதும் பிரதிநிதியின்றிக் கிடந்தது.

பத்தாண்டு கழிந்தது. 168 ஆசனங்களுள் 140ஐ 1977இல் வென்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சி, பொதுத்தேர்தல் நடத்தாது பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டிக்கக் கருதிற்று. 1982 டிசம்பர் 22ஆம் நாள் அதற்கான சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. அதற்கு முன்னரே, சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன தம் கட்சி உறுப்பினரிடமிருந்து நாளிடப்படாத விலகற் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். கையொப்பம் உறுப்பினருடையது; நாள் எழுதும் பேனையோ தலைவருடையது. அக்கடிதங்கள் பெட்டியில் உறங்கவுமில்லை. வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த தொகுதிகள் பலவற்றின் உறுப்பினர் விலக நேர்ந்தது. அதற்கெனத் திருத்தம் ஒன்றும் நிறைவேற்றி, 1983 மே 18ஆம் நாள் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடத்தினர்.

முன்னதை ‘நீங்கினார்’ எனலாம். பின்னதை எவ்வாறு சொல்வது? எழுத்தில் தன்வினை, செயலிற் பிறவினை. இலக்கணம் அறிந்தோர் இதற்குப் பெயர் தேடட்டும்.

தோட்டத்தார் அறிந்த ஓலை

யான் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப்புறப் பாடசாலையில் கற்பிப்பவன். குடியியற் பாடத்தில் நாளிடாத கடிதம் பற்றிக் கூறியபோது, ‘கையொப்பமிட்ட பின் அதை ஏன் மற்றவரிடம் கொடுத்து வைக்க வேண்டும், ஐயா?’ என்று ஒரு மாணவி வினவினாள். அவளுடைய வீட்டார் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒன்றைக் கொண்டே விடை கூறினேன். அதுவே ‘துண்டு’.

தேயிலைக்கும் இறப்பருக்கும் ஆள் சேர்த்த காலத்தில், தொழிலாளி கப்பலேறும்போதே கடனாளி ஆனான். வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டின், இத்தனை ரூபா கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் ஆளோடு நடந்து செல்லும். துண்டின்றிப் போனவன் ஓடிப்போனவன் எனப்பட்டான். என் பாட்டியார், தம் தந்தையார் வாழ்நாள் முழுதும் வாசிக்க அறியாத ஒரு தாளுக்கு அஞ்சி வாழ்ந்ததைச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையினின்று நீக்கித் துரை கொடுக்கும் ‘பத்துச்சீட்டு’ மட்டும் அதற்குப் பின்னும் நெடுங்காலம் தோட்டத்து வழக்கில் நிலைத்தது.

துண்டு, போக விரும்பியவனைப் போக விடாது தடுத்தது. நாளிடாத கடிதம், இருக்க விரும்பியவனையும் எந்நேரமும் போக்கவல்லது. ஒன்று பூட்டு; மற்றது உந்துகோல். பாராளுமன்ற உறுப்பினரின் வாழ்வும் கூலியாளின் துன்பமும் ஒன்றல்ல என்பதை யான் மறக்கவில்லை. எனினும் இரண்டிலும் நீங்குவதற்குரிய தாள், நீங்குபவன் கையிலன்றிப் பிறன் கையில் இருந்தது. அதனை விளக்கிய பின் அம்மாணவி மறுவினா எழுப்பவில்லை.

துறப்பதற்கும் ஆசனம் வேண்டும்

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். ஆசனத்தைத் துறந்து மக்களிடம் நீதி கேட்பதற்கு, முதலில் ஓர் ஆசனமும் அதனை அளிக்கும் மக்களும் வேண்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா, அலுத்நுவர, பதுளை ஆகிய ஏழு தொகுதிகளில் வென்றது. சப்பிரகமுவையில் எம்மவர் சிதறி வாழ்ந்தமையால் அந்த ஏழில் ஒன்றும் இங்கில்லை. வாக்கு மட்டும் இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்கையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை. அந்த எழுவர் தம் ஆசனங்களைத் துறக்கவில்லை. அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களே வாக்காளர் இடாப்பினின்று நீக்கப்பட்டனர். அக்குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தம் கட்சியினின்று பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தவர் முற்கூறிய செல்வநாயகமே என்பதை எம் மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. நாடற்றோர் சிக்கல் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் தீரும் வரை, ஓர் இசைவுப் பத்திரமும் எழுதாத மக்கள் அரை நூற்றாண்டு வெளியே நின்றனர்.

இன்று எமக்கு வாக்கு உண்டு. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்துக்கு 11 ஆசனமும், கேகாலைக்கு 9 ஆசனமும் இருந்தன. ஆனால், விகிதாசார முறையில் இடைத்தேர்தல் இல்லை. மாவட்ட உறுப்பினர் விலகின், அதே பட்டியலில் அடுத்து விருப்பு வாக்குப் பெற்றவர் வருவார். தேசியப் பட்டியல் உறுப்பினர் விலகின், கட்சி பெயர் குறிப்பவர் வருவார். 2021 சூலையில் ஜயந்த கெட்டகொட விலக, பசில் ராஜபக்ஷ அவ்விடத்துக்கு வந்தார். 2022 சூனில் அவர் விலக, தம்மிக்க பெரேரா வந்தார். ஓராண்டுக்குள் ஓர் ஆசனத்தில் மூவர் அமர்ந்தனர். வாக்காளர் ஒருவரும் வாக்குச்சாவடிக்கு அழைக்கப்படவில்லை.

இம்முறைக்கும் நியாயம் உண்டு. கட்சிகள் பெற்ற விகிதம் குலையாது, செலவு மிஞ்சும், ஈராண்டுக்கு மேல் ஒரு தொகுதியை வெறுமையாகக் கிடத்தும் கொடுமையும் நேராது. இவற்றை யான் மறுக்கவில்லை. ஆயின், கொள்கை காரணமாக விலகி, மக்கள் முன் தனித்து நின்று தீர்ப்புக் கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. இன்று ஒருவர் செல்வநாயகம் போல் விலகினால், மறுவாரமே அவருடைய பட்டியலின் அடுத்த பெயர் சபையில் அமர்ந்திருக்கும். அவர் எழுப்பிய வினா விடையின்றி மறையும்.

சில்ற்றேன் மலைக்காட்டுத் தலைமையை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டுவன இரண்டே. விலகற் கடிதம் எழுதியவர் தாமே நேரில் வந்து, இது தம் மனம் ஒப்பிய செயல் என உறுதிகூறிய பின்னரே அது செல்லும் என விதித்தல் ஒன்று. கொள்கை பற்றி விலகும் மாவட்ட உறுப்பினர் மீண்டும் மக்களிடம் செல்ல ஒரு வழியேனும் திறந்து வைத்தல் மற்றொன்று. முன்னதற்கு இந்தியாவின் 33ஆவது திருத்தம் முன்மாதிரி. பின்னது நம் அறிஞர் சிந்தித்து வகுக்க வேண்டியது. அரசியலமைப்புச் சீர்திருத்தம் பேசப்படும் போதெல்லாம் தேர்தலில் வெல்லும் முறை பற்றியே வாதிடுகின்றனர்; விலகும் முறை பற்றி வாய் திறப்பார் அரியர்.

ஆசனம் மக்கள் கொடுத்தது. அதனை விடும் இசைவு உறுப்பினருடையது. விட்டபின் அது மக்களிடமே மீளற்பாலது. இடையில் வேறு எவர் கையும் புகாதிருப்பின், அவ்வோலையை இராஜிநாமா என்று நாம் பொருளறிந்து அழைக்கலாம்.